வெளி ரத்தம்

தந்தையும் தாயும் ஓ வகை ரத்தம் உடையவர்களானால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையும் ஓ வகையாகவே இருக்கும். ஐந்தாம் படிவத்து உயிரியல் பாடநூலில் இந்த விதிக்குக் கீழே ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். நான்கு அறைகள், நான்கிலும் ஓ. விதிவிலக்கு எதுவும் அச்சிடப்படவில்லை, அடிக்குறிப்பும் இல்லை. நான் ஓ வகை. என் மனைவியும் ஓ வகை. தோட்டத்து மருத்துவமனை அட்டையிலிருந்து பிரசவ அட்டை வரை அப்படித்தான் எழுதியிருந்தது. எங்கள் ஒரே மகள் பி வகை.

இது தெரியவந்தது மகளின் பதினேழாவது வயதில், கல்லூரிச் சேர்க்கைக்காக எடுத்த மருத்துவப் பரிசோதனையில். நான் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். விதி ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருந்தால் பிழை நடப்பில்தான் இருக்கிறது என்பது என் தொழில் நம்பிக்கை. அன்று மாலையே ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதினேன். விதியை மேற்கோள் காட்டி, அறிக்கையின் நகலை இணைத்து, மறுபரிசோதனை செய்து அட்டையைத் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டிருந்தேன். நகலைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி அதை எடுத்துப் படித்தாள்.

"என்னங்க இது?"

"லேப்ல தப்பு பண்ணிட்டாங்க. திரும்பப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

"தப்பு இல்லன்னா?"

"தப்புதான். சட்டம் அப்படி இருக்கு."

"தப்பு லேப்லன்னா, மூணு நாளா ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறீங்க?"

அந்த மூன்று நாளும் மகள் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் காதைப் பார்த்தேன். பிறகு குளியலறைக் கண்ணாடியில் என் காதைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். மடல் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், என் தந்தைக்கும் அப்படித்தான். காதை நம்பி, ஆய்வகத்தைக் குற்றவாளியாக்கி, மனதுக்குள் கோப்பை மூடினேன். ஆனால் மூன்று நாள் மூன்று நாள்தான்.

அவள் அந்த நகலை நான்காக மடித்தாள். "இது என்கிட்ட இருக்கட்டும். பதில் வந்தா சேத்து வைக்கலாம்" என்று சொல்லி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். பதில் வரவில்லை. இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வராத கடிதம் பரிசீலனையில் இருக்கிறது என்று பொதுமக்களிடம் பல வருடம் சொல்லி வந்தவன் நான். என்னை நானே எப்படிக் குறை சொல்வது. பிறகு வேறொரு கிளினிக்கில் பார்த்ததிலும் மகள் பி வகை என்றே வந்தது. இரண்டு ஆய்வகங்களும் தவறு செய்கின்றன என்று முடிவு செய்துகொண்டேன். பத்தொன்பது வருடம் போயிற்று.

போன வருடம் மே மாதம் என் மனைவிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உதடும் உள்ளங்கையும் வெளுத்துப்போயின. அவளுக்கு இளம்வயதிலிருந்தே ரத்தம் குறைவு என்பதால் முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசு மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் ஒரு கட்டி தெரிந்தது. அதிலிருந்து மாதக்கணக்கில் சொட்டுச்சொட்டாக ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஹீமோகுளோபின் ஏழு. கட்டி இன்னும் வெளியே பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் காத்திருக்கவும் முடியாது என்றார் அறுவை மருத்துவர். வெட்டி எடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு பை ரத்தம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளை அறைக்குள் கொண்டுபோக மாட்டேன் என்று அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். நல்ல விதி.

ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு துளிக் கவலையும் இல்லை. கோயில் மண்டபத்தில் வருடா வருடம் நடக்கும் ரத்ததான முகாமில் நான் பழைய ஆள். முத்திரைகள் நிறைந்த தானப் புத்தகம் வைத்திருக்கிறேன். அந்த முகாம்களில் முன்பெல்லாம் விரல்நுனியில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை நீலநிறத் தண்ணீரில் விடுவார்கள். போதிய ரத்தம் உள்ளவரின் துளி மூழ்கும், இல்லாதவரின் துளி மிதக்கும். என்னுடையது கல்லைப்போல மூழ்கும். என் மனைவியுடையது தாமரை மொட்டுப்போல மேலே தயங்கி நிற்கும், அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பும்போதெல்லாம் நான் அவளிடம் ஒரே வசனத்தைச் சொல்வேன்: "ஒனக்கு வேணும்னா கவலப்படாத, எங்கிட்ட ஸ்டாக் இருக்கு. நானும் ஓ, நீயும் ஓ." அவள் முகாமில் கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். ஒரு கணவன் சொல்லக்கூடிய பெரிய வார்த்தை அது என்று நினைத்திருந்தேன்.

அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். மனைவியின் மாதிரியை இன்னொரு முறை எடுக்க வேண்டுமாம். எடுத்தார்கள். மறுநாள் என்னை வரச்சொன்னார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் பாகான் செராய்க்காரப் பெண், நாற்பது வயதுக்குமேல் இருக்கும். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினார்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு ஓ ரத்தம் ஆறு பை போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட சேரல."

"ஓவுக்கு ஓ சேராம எப்படிம்மா?"

"அதான் எனக்கும் தெரியல. நேத்து தூங்கவே இல்லலா."

"என் ரத்தத்த எடுத்துப் பாருங்க. வயசு வரம்புக்குச் சலுகை உண்டு, தொடர்ந்து குடுக்குறவங்களுக்கு. டாக்டர் கடிதம் கையில வச்சிருக்கேன்."

அவர் என்னையும் கடிதத்தையும் பார்த்தார். "குடுக்கிறதுக்கு இல்ல. சும்மா பாக்கிறதுக்கு எடுப்போம், உக்காருங்க" என்றார்.

சிறிது நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார். வெளியாட்களுக்கு ஆய்வகத்தில் அனுமதி இல்லை என்பதை நானே நினைவுபடுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே குழாய்களைக் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் கொண்டுவந்து, அந்தப் பக்கம் நின்று காட்டினார்.

முதலில் காட்டியது என் மனைவியின் ரத்தத்தைச் சுழற்றி எடுத்த குழாய். ரத்தம் சிவப்பு என்று அறுபது வருடமாக நம்பியிருந்தேன். அந்தக் குழாயில் பாதிக்கு மேல் மஞ்சள், வைக்கோல் ஊறிய தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. அடியில் சிவப்பு, அவளுக்கு அது கொஞ்சம்தான். இரண்டுக்கும் நடுவே நகக்கீறல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு.

"மேல இருக்கிறது பிளாஸ்மா, அங்கிள். பெரும்பாலும் தண்ணிதான். உப்பு, சக்கரை, புரதம், உடம்புல எங்கேருந்து எங்க போக வேண்டிய சாமானும் அதுலதான் போகுது. அந்த வெள்ளக் கோடு இருக்குல்ல, அதுலதான் வெள்ளணுவும் தட்டணுவும். கீழ சிவப்பணு."

"அந்தக் கோடா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நம்ம உசுரக் காப்பாத்துற பட்டாளம் பூரா அந்தக் கோட்டுக்குள்ள இருக்கு."

ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தக் குழாய் முற்றிலும் புதிதல்ல. மரத்தில் பால் வெட்டிய கோட்டின்மீது மறுநாள் ஒரு மெல்லிய பட்டை காய்ந்து ஒட்டியிருக்கும். ஒட்டுப்பால் என்போம். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்வது அது. அதை உரித்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் என் தாய் புதிதாக வெட்டுவார். முழங்காலில் காய்ந்த பொருக்கை உரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். நம் உடம்பின் ஒட்டுப்பாலைத் தயாரிக்கும் தட்டணுக்கள் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் இருக்கின்றன என்பது அன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு அவர் இரண்டு சிறிய குழாய்களை எடுத்தார். இரண்டின் அடியிலும் ஒரு சிவப்புப் பொட்டு. "இது ஆன்ட்டியோட பிளாஸ்மாவுல ஆன்ட்டியோட சிவப்பணு" என்று முதல் குழாயை மெல்ல ஆட்டினார். பொட்டு ஊதுபத்திப் புகைபோலக் கலைந்து எங்கும் பரவியது. "இது அதே பிளாஸ்மாவுல உங்க சிவப்பணு." ஆட்டினார். பொட்டு கலையவில்லை. ஒரே கட்டியாக எழும்பி, பக்கத்தில் மோதி, கட்டியாகவே திரும்பி உட்கார்ந்தது. இன்னும் வேகமாக ஆட்டினார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருந்த ரப்பர்ப் பாலில் ஆசிட் விழுந்ததுபோல் அது தன்னைத்தானே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று என் ஸ்டாக்கைப் பார்த்தேன். ஒரே ஒரு பை அவள் உடம்புக்குள் போயிருந்தால் அவள் செத்திருப்பாள். பல வருடமாக மைலோ குடித்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தது இந்த வாக்குறுதியைத்தான்.

"அங்கிள், ஒண்ணு கேக்கவா? ஆன்ட்டியோட அம்மா அப்பா சொந்தமா?"

"அவங்கப்பா தன் அக்கா மகளத்தான் கட்டினாரு. அவருக்கு முந்தின தலைமுறையும் அப்படியே. அந்த வீட்டுல வெளியிலேருந்து வந்த மொதல் ஆளு நான்தான்."

"நெனச்சேன்" என்றார் அவர். "இதுக்குப் பம்பாய் வகைன்னு பேரு. மொதல்ல அங்கதான் கண்டுபிடிச்சாங்க. புத்தகத்துல படிச்சிருக்கேன். இப்பத்தான் கண்ணால பாக்கிறேன்."

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். நம் ஒவ்வொருவரின் சிவப்பணு மீதும் எச் என்றொரு அடிப்படைப் பொருள் இருக்கிறது. அதை அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். ஏ வகைக்காரர் அதில் ஏ என்ற அறிவிப்பை ஒட்டுகிறார், பி வகைக்காரர் பி என்பதை ஒட்டுகிறார். ஓ வகைக்காரரிடம் ஒட்ட எதுவும் இல்லை, வெறும் பலகை மட்டும் இருக்கும். என் மனைவியிடம் பலகையே இல்லை. பி என்ற அறிவிப்பு அவள் கையில் பிறவியிலிருந்தே இருக்கிறது. ஒட்ட இடமில்லாததால் அது யார் கண்ணுக்கும் படவில்லை. சோதித்த எல்லாரும் பலகையில் ஏயும் இல்லை, பியும் இல்லை என்று பார்த்து ஓ என்று எழுதிவிட்டார்கள். பலகை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. அவள் பிளாஸ்மாவை ஓ வகைச் செல்களோடும் சேர்த்துச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பலகை இல்லாத ரத்தம் பலகை உள்ள எல்லா ரத்தத்தையும் அந்நியமாகப் பார்க்கிறது. அதிலும் வெறும் பலகையோடு போகிற ஓவைத்தான் கடுமையாக எதிர்க்கிறது. அவளுடைய ரத்தத்தை ஏற்கக்கூடியவர்கள் ஊரெல்லாம் உண்டு. அவளுக்குக் கொடுக்கக்கூடியவர் அவளைப் போன்ற இன்னொருவர் மட்டுமே.

"தாய் தகப்பன் ரெண்டு பேருகிட்டயும் இந்தக் குறை மறைவா இருந்தாத்தான் பிள்ளைக்கு வெளிய வரும்" என்றார். "சொந்தத்துலயே கட்டினா அதுக்கு வாய்ப்பு கூட. ஆன்ட்டிக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? நாலுல ஒருத்தருக்கு இருக்கலாம்."

கூடப்பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவன் ஒரே தம்பி. பீடோரில் கொய்யாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அவர்கள் பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. இப்போது அது செம்பனைத் தோட்டம். நாலில் ஒன்று என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மறுநாள் காலை பசியாறுவதற்கு முன்பே வந்து நின்றான். என் மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். விஷயத்தை நான் முறைப்படி, தலைப்பு வாரியாக எடுத்துச் சொன்னேன்.

"பம்பாயா? நாங்க ஈப்போவ தாண்டி எங்க போனோம், மச்சான்?"

"பேருதான் அப்படி. ஊருக்கும் உனக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப ஒங்க ரத்தம் அக்காவுக்குச் சேராது."

"சேராது."

அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பா அன்னிக்கே சொன்னாருல்ல மச்சான். வெளி ரத்தம் நமக்கு ஒத்துக்காதுன்னு. யாரு கேட்டா?"

எங்கள் திருமணப் பேச்சின்போது என் மாமனார் சொன்ன வார்த்தை அது. நான் பக்கத்துத் தோட்டத்துப் பையன். சொந்தமில்லை என்பதைத் தவிர என்மேல் அவருக்கு வேறு குறையில்லை. படித்தவன் என்ற திமிரில் அன்று நான் சிரித்தேன். அவர் ரத்தம் என்று சொன்னது குலத்தை, நான் சிரித்தது அறியாமையைப் பார்த்து. இருவருமே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசியிருக்கிறோம்.

"ஒத்துக்காமதான் முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துறேன்" என்றாள் என் மனைவி. அந்த வாக்கியத்துக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீ மொதல்ல கைய நீட்டு. ஊசின்னா ஓடிப்போயிடுவான் இவன்."

"ஓடல அக்கா. அந்தப் பக்கம் மட்டும் பாத்துக்கிறேன்."

ரத்த வங்கியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினான். அன்று மாலையே ரத்த வங்கிப் பெண் கூப்பிட்டார். அவன் ரத்தமும் என் மனைவியின் ரத்தமும் குழாயில் சண்டையிடவில்லை. பொட்டு புகைபோலக் கலைந்ததாம். ஆனால் அதை மட்டும் வைத்து அவனிடமிருந்து எடுக்க முடியாது. இருவரின் மாதிரியும் தலைநகரத்திலுள்ள மேல் ஆய்வகத்துக்குப் போய் உறுதியாகி வர வேண்டும். அவன் ஒரு பைதான் கொடுக்க முடியும். இரண்டாவது பைக்கு அரிய ரத்தக்காரர்களின் பட்டியலில் ஆள் தேட வேண்டும். அதையும் அவர்கள்தான் செய்ய வேண்டும்.

நடைமுறை என் களம். முறையான கடிதம் ஒன்றை எழுதினேன். மூன்று பத்திகள். முதலாவது, என் மனைவியின் ரத்த வகை பற்றி. இரண்டாவது, அவள் தம்பியைக் கொடையாளியாக ஏற்பது பற்றியும் இரண்டாவது பை பற்றியும். மூன்றாவது பத்தியை எழுதலாமா என்று யோசித்தேன். மனைவியின் உயிர் ஊசலாடும்போது பத்தொன்பது வருடத்துப் பழைய சந்தேகத்தை யார் கேட்பார்கள்? ஆனாலும் எழுதினேன்: இத்தம்பதியின் மகள் பி வகை எனப் பதிவாகியுள்ளது; இது இயலுமா என்று தெரிவிக்கவும்.

மாதிரிகள் போயின. மருத்துவர் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார். மூன்று வாரம் தாங்கலாம், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றார். நான் நினைவூட்டல் அனுப்பினேன். உரிய இலாகாவுக்கு நகல் அனுப்பினேன். ரத்தச் சோதனை தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும், நினைவூட்டலால் அது வேகமாகாது என்று ரத்த வங்கிப் பெண் மரியாதையாகச் சொன்னார். இதே வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு மரியாதை இல்லாமல் சொல்லியிருப்பேன்.

காத்திருந்த நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தத்தைப் பற்றிப் படித்தேன். ஓய்வு பெற்றவன் செய்யக்கூடியது வேறென்ன. ஒரு சிவப்பணு எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வருமுன் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. சரக்குக்கு இடம் வேண்டுமாம். காற்றைச் சுமக்க இடம் வேண்டும் என்பதற்காகத் தன் மேசை நாற்காலியை வெளியே எறிந்த அதிகாரி யாரையாவது என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. அதன்பிறகு அதனால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது, இன்னொன்றைப் பெற முடியாது. தன்னைவிடக் குறுகலான குழாய்களில் மடங்கி மடங்கி நுழைந்து, நுரையீரலுக்கும் உடம்பின் கோடிகளுக்கும் ஏறக்குறைய நூற்றிருபது நாள் ஓடுகிறது. பிறகு மண்ணீரல் அதைப் பிரித்து, இரும்பை எடுத்து அடுத்ததற்குக் கொடுத்துவிடுகிறது. ஓய்வூதியம் கிடையாது.

"ஒவ்வொரு வினாடியும் இருபது லட்சம் புதுசா பொறக்குதாம்" என்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவ்வளவு பொறந்துமா எனக்குப் பத்தல?"

"ஒழுகுதுல்ல."

"தெரியுது. நீங்க படிங்க."

வெள்ளணுக்களைப் பற்றிப் படித்தேன். ஆறு வயதில் வந்த தட்டம்மையை அறுபது வயதிலும் அவை அடையாளம் காணும். போன மாதத்துக் கோப்பைக் கண்டுபிடிக்க மூன்று பேர் தேடிய அலுவலகம் எங்களுடையது. அந்த மஞ்சள் தண்ணீரைப் பற்றிப் படித்தேன். காலின் வெப்பத்தைத் தலைக்கும் குடலின் சர்க்கரையைக் கைக்கும் கொண்டுபோகிறது. இத்தனையும் அவள் மணிக்கட்டில் நீலமாகத் தெரியும் அந்தச் சிறு நரம்புக்குள், யாரும் உத்தரவு போடாமல், ஒரு சத்தமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. நான் அதன்மேல் விரலை வைத்தேன். நாடி மெலிதாகவும் வேகமாகவும் அடித்தது. இருக்கிற கொஞ்சத்தை வைத்து இருமடங்கு வேலை செய்துகொண்டிருந்தது.

என்னை அசைத்துவிட்ட விஷயம் வேறு. எச் உள்ள ரத்தத்தை எதிர்க்கும் சக்தி அவளுக்குள் கைக்குழந்தைப் பருவத்திலேயே உருவாகிவிட்டது. எந்த அந்நிய ரத்தத்தையும் சந்திக்காமலே அது தயாராக இருந்தது. அப்படிப்பட்ட உடம்பு, ஒன்பது மாதம், என் மகளைச் சுமந்திருக்கிறது. மகளின் ரத்தத்தில் பலகை உண்டு, அது நான் கொடுத்தது. அதன்மேல் பி என்ற அறிவிப்பு உண்டு, அது தாயிடம் ஒட்ட இடமில்லாமல் காத்திருந்தது. குழாயில் கட்டியாகிப்போகும் இரண்டு ரத்தங்கள் ஒரே வயிற்றில், நஞ்சுக்கொடியின் ஒரு மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியிருக்கின்றன. காற்று கடந்தது, சோறு கடந்தது, கழிவு திரும்பி வந்தது. சண்டை மட்டும் கடக்கவில்லை. வெளி ரத்தத்தை அவள் உடம்பு எப்போதோ ஏற்று, வளர்த்து, பெற்றுக் கையில் கொடுத்துவிட்டது. அதைப் பார்த்து நான் ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

இதை அவளிடம் சொன்னேன். நீளமாகத்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, "அந்த மூணு நாளுக்கு இப்பத்தான் மன்னிப்பு கேக்குறீங்களா?" என்றாள்.

"ஆமா."

"சரி. தண்ணி குடுங்க."

மூன்றாவது வாரம் முடியும்போது பதில் வந்தது. ரத்த வங்கியின் முகப்பில் அந்தப் பெண் ஒரு நகலை என்னிடம் நீட்டினார். மூன்று பத்திக்கும் மூன்று பதில். முப்பத்து நான்கு வருடப் பணியில் நான் கண்டிராத ஒழுங்கு. ஒன்று: என் மனைவி ஓ வகை அல்ல, பம்பாய் வகை. இரண்டு: அவள் தம்பியும் அதே வகை, ஒரு பை கொடுக்கத் தகுதியுடையவர், பட்டியலிலுள்ள இன்னொரு கொடையாளி இரண்டாவது பையைத் தர இசைந்துள்ளார். மூன்று: மறைந்திருக்கும் பி மரபைத் தாய் மகளுக்கு அளித்திருக்கிறார், மகள் பி வகையாக இருப்பதில் முரண் ஏதும் இல்லை.

மனைவியின் தம்பி அன்றே பீடோரிலிருந்து வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பை கொடுத்தான். மைலோவை வாங்கிக்கொண்டு, "இனிமே அக்கா கொய்யா மரம் ஏறும் பாருங்க" என்றான். மற்றொரு பை பனிப்பெட்டியில் சாலை வழியாக வந்தது. கொடுத்தவர் ஆணா, பெண்ணா, லூமுட்காரரா, வேறு மாநிலத்தவரா என்பது தெரியாது. கொடையாளியின் விவரத்தைப் பெறுபவருக்குத் தெரிவிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதிக்கு ஒரு விலக்கு வாங்க முடியுமா என்று என் வாழ்நாளில் முதல்முறையாக யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். யாரோ ஒருவர் கை நீட்டியிருக்கிறார். அவருக்கும் ஒருநாள் வேண்டியிருந்தால் உலகத்தில் கொஞ்சம் பேர்தான் கொடுக்க முடியும். அது தெரிந்தும் கொடுத்திருக்கிறார்.

அறுவை நான்கு மணி நேரம் நடந்தது. இரண்டு பையும் ஏறின. பிறகு வார்டில் இரண்டாவது பையின் கடைசித் துளிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உதட்டில் நிறம் திரும்பியது. ஒரே நேரத்தில் அல்ல, விடியும் நேரத்து வானத்தைப்போல, எப்போது மாறியது என்று சொல்ல முடியாதபடி. கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம் என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அவள் மெல்ல எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து வந்து, மேசையில் நீவிப் பரப்பினாள். மடிப்புக் கோடுகளில் எழுத்து உதிர்ந்திருந்தது. ஆனாலும் என் பணிவான வாசகங்கள் படிக்கக்கூடியவையாகவே இருந்தன.

"ஆஸ்பத்திரியில குடுத்தத எடுங்க" என்றாள்.

எடுத்தேன். பதிலை மேலே வைத்து, பழையதைக் கீழே வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்தினாள். பிறகு பேனாவை என் கையில் கொடுத்தாள்.

"ஆபீஸ்ல எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்ங்க. என்னிக்கு வந்துச்சோ அந்தத் தேதிய போடுங்க."

வலது மேல் மூலையில், என் பழைய கையெழுத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை.